வெல்லம் சேர்க்காத எள்ளு பெல்லா

14 ஜனவரி 1995, சனி

சங்கராந்திக்கு இந்தக் கன்னட ஊரில் அக்கம்பக்கத்தாருக்குக் கொடுக்கும் எள்ளு வெல்லக் கலவையை, எள்ளு பெல்லாவை, நானே கலந்தேன். எள், கொப்பரை, வேர்க்கடலை, பொட்டுக்கடலை எல்லாம் வழக்கம்போல. வெல்லத்துக்குப் பதில் நாலைந்து பேரீச்சம்பழத்தைப் பொடியாக நறுக்கிப் போட்டேன். ஒரு கைப்பிடி தின்னலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

மாலையில் எதிர்வீட்டு கிரிஜாவின் மகள் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு, தட்டோடு வீடு வீடாக எள்ளு பெல்லா கொடுத்து வந்தாள். நான் வாசலில்தான் நின்றிருந்தேன். என் கேட்டைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போனாள். கூப்பிட்டுக் கேட்டேன்.

"உங்களுக்கு சுகர் இருக்கில்ல ஆண்ட்டி, கொடுக்க வேணாம்னு அம்மா சொன்னாங்க."

"சரிம்மா" என்றேன். அவளுக்கென்று மடித்த பொட்டலம் என் கையிலேயே இருந்தது. நீட்டத் தோன்றவில்லை.

இப்போது அதைப் பிரித்து ஒரு கைப்பிடி தின்றேன். நன்றாகத்தான் இருக்கிறது. எள்ளுக்குப் பேரீச்சம்பழம் பொருந்துகிறது. இதைச் சொல்லக்கூட வீட்டில் ஆளில்லை.

கிரிஜா நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பாள். கொடுத்தால் உடனே தின்றுவிடுவேனா? அவளுக்குச் சொல்ல வேண்டிய பதில் இப்போதுதான் வாய்க்கு வருகிறது. சர்க்கரை எனக்குத்தான் கிரிஜா, என் வாசலுக்கு இல்லை.