குழு வரும்வரை குடியிருப்பு

1956 நவம்பர் 18, ஞாயிறு. செங்கல்பட்டு

காலையிலிருந்து தூறல். துவைத்த புடவை ஒன்றும் காயவில்லை.

செவ்வாயன்று டெல்லியிலிருந்து பார்லிமெண்டுக் குழு வருகிறது. புயலில் வீடிழந்த மீனவர்களுக்குச் சர்க்கார் கட்டிய வீடுகளைப் பார்க்க, பணம் ஒழுங்காகச் செலவானதா என்று விசாரிக்க. குழுவில் ஒரு வடக்கத்தி அம்மாள். நான் இந்தி டீச்சர் என்பதால் மொழிபெயர்க்கப் பிடித்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு மாமி: "இந்தி சோறு போடுமான்னு கேட்டேன், ஜீப்பே அனுப்பறாளே!" பொறாமை. எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

எடுத்துக்கொள்ள: குடை, டார்ச், இழுப்பு மாத்திரை.

19, திங்கள். மாமல்லபுரம், முசாபரி பங்களா (பயணிகள் விடுதி)

மழை விட்டுவிட்டு. கடல் ஈயப் பாத்திரத்தின் நிறம்.

ரெவின்யூ இன்ஸ்பெக்டர் (ஆர்.ஐ.) குப்பத்துக்குக் கூட்டிப் போனார். இரண்டு வரிசை வீடுகள். சுண்ணாம்பு அடித்த ஈரம் காயவில்லை, முந்தானையில் ஒட்டிக்கொண்டது. உள்ளே வலைகள், துடுப்புகள். ஆட்கள் இல்லை. எல்லாரும் மேட்டில் பழையபடி ஓலைக்குடிசையில்.

கன்னியம்மா என்று ஒருத்தி, மீன் விற்பவள். சுவரை நகத்தால் சுரண்டினாள். ரவை மாதிரி கொட்டியது. "கடல் மண்ணு, கடல் தண்ணி. அதுலயே கொழச்சுப் பூசிட்டானுங்க டீச்சரம்மா. கேட்டா, நல்ல தண்ணி தூரமா கீதுன்றான் காண்டிராக்டரு. வலை வைக்கலாம். கொயந்தைய எப்பிடி வைக்கறது?"

ஆர்.ஐ. எல்லாரையும் கூப்பிட்டு உத்தரவு போட்டார். இன்றே சட்டிபானையோடு உள்ளே வரணும். அடுப்பு புகையணும். வாசலில் கோலம். குழு வந்து போகும்வரை யாரும் வெளியேறக்கூடாது. வெளியேறினால் பட்டா கிடையாது.

திரும்பும்போது என்னிடம்: "அவங்க பேசறதை எல்லாம் இந்தியில சொல்லணும்னு இல்லைம்மா. சௌக்கியமா இருக்காங்கன்னு சொன்னா போதும்."

ஜீப்பை நிறுத்தச் சொல்லி, இறங்கிப் போய்க் கன்னியம்மாவிடம் சொன்னேன்: நீ சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் சொல்வேன்.

"நெசமாவா? அப்ப நான் வூட்ட வுட்டு நகர மாட்டேன். அந்தம்மா கண்ணு முன்னால சொவத்தச் சொரண்டிக் காட்டறேன். நீ மட்டும் வந்துடு."

நல்ல காரியம் செய்த நிறைவு. ஆனாலும் தூக்கம் வரவில்லை. காற்று திசை மாறியிருக்கிறது.

20, செவ்வாய்

விடியவே இல்லை போல் இருட்டு. ஜன்னல் கதவுகள் அடித்துக்கொள்கின்றன. சமையல்காரர் குழுவுக்காகக் கோழி அறுத்துவிட்டார்.

மதியம் தந்தி. மழையால் குழு செங்கல்பட்டோடு பட்டணம் திரும்பிவிட்டது. பயணம் ஒத்திவைப்பு. ஆர்.ஐ. நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தார்.

"குப்பத்துக்குச் சொல்லியாச்சா?"

"இந்த மழையில யாரும்மா போறது? நாளைக்குச் சொல்லிக்கலாம்."

டிரைவரிடம் கெஞ்சினேன். "ரோட்ல தண்ணி ஏறிகினு கீது டீச்சரம்மா. வண்டி போவாது." நடந்தேன். குடை முதல் வளைவிலேயே போயிற்று. இழுப்பு வேறு. நின்று நின்று.

இரவு. பென்சிலில் எழுதுகிறேன்.

முதல் வரிசையில் ஒரு மூலை சரிந்ததுமே எல்லாரும் பட்டா போனால் போகட்டும் என்று மேட்டுக்கு ஓடிவிட்டார்கள். கன்னியம்மா தவிர. அவள் புருஷன் தலையில் அடித்துக்கொண்டான்: "வாடீன்னு இஸ்துப் பாத்தேன். டீச்சரம்மா வரேன்னு சொல்லிகீது, நான்தான் காட்டணும்னு உள்ளயே குந்திகினு இருந்தா."

நான் போய்ச் சேருமுன்பே அவள் வீடு இடிந்து விழுந்திருந்தது. கையாலேயே தோண்டினோம். சுவர் அவ்வளவு எளிதாக வந்தது. மூச்சு இல்லை.

வாசல் கோலம் மட்டும் பாதி கரையாமல்.

22, வியாழன். செங்கல்பட்டு

வெயில். துணிகள் காய்கின்றன. நேற்று எழுதவில்லை.

ஆர்.ஐ. பள்ளிக்கூடத்துக்கே வந்தார். புயலில் வீடுகள் விழுந்தன என்று ரிப்போர்ட் போய்விட்டதாம். அதே இடத்தில் மறுபடி கட்ட எஸ்டிமேட்டு தயாராம். அதே காண்டிராக்டர். "அடுத்த வாரம் குழு வருது. நீங்கதான் வரணும். ஆனா அந்தப் பொம்பளை விஷயம் வேண்டாம், பாவம், போய்ச் சேந்துட்டா."

வருகிறேன் என்றேன். சந்தோஷமாகப் போனார்.

அன்று கன்னியம்மா வீட்டு இடிபாட்டிலிருந்து கைக்குட்டையில் முடிந்து வந்த பூச்சுக் கட்டி பெட்டிக்குள் உதிர்ந்து கிடக்கிறது. நாக்கில் வைத்தேன். உப்பு. டெல்லி அம்மாளையும் வாயில் போட்டுப் பார்க்கச் சொல்லப் போகிறேன்.