பச்சைக் கட்டம்

மார்ச் 4, செவ்வாய்

புற்றுநோய்ப் பிரிவின் காலைக் கூட்டம் இன்றும் இழுத்துக்கொண்டே போனது. அறுவை மருத்துவர், கதிர்வீச்சு மருத்துவர், மருந்தாளர், நர்ஸ்கள் எல்லாரும் ஒரே நோயாளியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஆனால் ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வொரு தாள். அந்தத் தாள்களை ஒழிக்கத்தான் நான் ஆறு வருடமாக இந்த மருத்துவமனைக்கு மென்பொருள் செய்துகொண்டிருக்கிறேன். பதினான்கு திரைகள். ஒரு தகவல் விடுபடவில்லை. ஆனாலும் தலைமை நர்ஸ் துண்டுச் சீட்டில்தான் எழுதுகிறார். என் பதினான்கு திரையைத் தாண்டுவதற்குள் நோயாளிக்கே குணமாகிவிடுமாம். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

கிளம்பும்போது தலைமை மருத்துவர், வியாழக்கிழமை புதிதாக ஒருத்தி வேலைக்குச் சேர்கிறாள் என்றார். எனக்கு உதவியாக. நான் உதவி கேட்டேனா?

மார்ச் 6, வியாழன்

வந்துவிட்டாள். பத்து வருடம் புற்றுநோய் வார்டில் நர்ஸாக இருந்து, அப்புறம் படித்து இந்த வேலைக்கு வந்தவளாம். பார்த்ததுமே என்னை அக்கா என்றாள். இரண்டே வயதுதான் வித்தியாசம், அதற்குள் அக்கா.

கணினியைத் தொடவே இல்லை. நாள் முழுக்க வார்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, யார் யாரைத் தேடி எத்தனை தடவை நடக்கிறார்கள் என்று கோடு போட்டுக்கொண்டிருந்தாள். தலைமை நர்ஸ் தன் பிளாஸ்கிலிருந்து அவளுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். ஆறு வருடத்தில் அந்த பிளாஸ்க் என் பக்கம் திரும்பியதில்லை.

மார்ச் 12, புதன்

மாதிரியைக் காட்டினாள். ஒரே திரை. ஒரு நோயாளிக்கு ஒரு வரி. வரியில் ஐந்து கட்டங்கள் — ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒன்று, முடிவு சரியாக இருந்தால் பச்சை. கடைசியில் 'இப்போது யார் கையில்' என்று ஒரு கட்டம், அடுத்த வேலை யாருடையது என்று பார்த்தவுடன் தெரிய. அவ்வளவுதான். யார் வேண்டுமானாலும் செய்திருக்கலாம்.

பிறகு நான் ஏன் செய்யவில்லை?

தலைமை மருத்துவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இதத்தான் நான் ஆறு வருஷமா கேட்டுட்டு இருந்தேன்" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வீட்டில் புலம்பித் தீர்த்தேன். இவர் துணி மடித்துக்கொண்டே கேட்டார். "அந்தப் பொண்ணப் பத்தி இன்னைக்கு எட்டாவது தடவை சொல்ற" என்றார். எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார், மனுஷன்.

மார்ச் 13

அழகாக வேறு இருக்கிறாள்.

மார்ச் 21, வெள்ளி

மதியம் அவளுடைய திரையைச் சோதித்துப் பார்த்தேன். தப்பு கிடைக்காதா என்றுதான் பார்த்தேன், இங்கே என்ன ஒளிவுமறைவு. கிடைத்தது.

சிறுநீரகப் பரிசோதனைக் கட்டம். கடைசியாக வந்த முடிவு நன்றாக இருந்தால் பச்சை காட்டுகிறது. அந்த முடிவு என்றைக்கு வந்தது என்று பார்ப்பதே இல்லை. மூன்று வாரம் பழைய முடிவுக்கும் அதே பச்சை. என் மென்பொருளில் தேதி இருந்தது. யாரும் எட்டிப் பார்க்காத ஒன்பதாவது திரையில்தான், ஆனால் இருந்தது.

சரியாக அந்த நேரம் பார்த்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, உங்க கண்ணுக்கு ஏதாவது படுதா?"

"ஒண்ணுமில்ல. நல்லா இருக்கு."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. தானாகவா? இல்லை. முதல் வாரத்திலேயே யாராவது கண்டுபிடிப்பார்கள், தலைமை மருத்துவர் முகம் சுளிப்பார், என்னிடமே திரும்பி வருவார் — இத்தனையும் அந்த ஒரு நொடியில் ஓடியது. நோயாளி என்று ஒருவர் அதில் எங்கேயும் வரவில்லை.

திங்கட்கிழமை சொல்லிவிட வேண்டும்.

மார்ச் 24, திங்கள்

அவளுக்கு ஜன்னல் வைத்த அறை கொடுத்திருக்கிறார்கள். சொல்லவில்லை.

மார்ச் 31, திங்கள்

அவள் திரை இன்றுமுதல் வார்டில் ஓடுகிறது. கூட்டம் இருபது நிமிடத்தில் முடிந்தது. தலைமை நர்ஸ் மிச்சமிருந்த துண்டுச் சீட்டுகளைக் குப்பைத் தொட்டியில் போட்டார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

இப்போது போய்ச் சொன்னால், பொறாமையில் குறை சொல்கிறேன் என்பார்கள். சொல்லட்டுமே, உண்மைதானே? ஆனாலும் போகவில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

தொண்டைப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்ள வருகிற தபால்காரர். ஐம்பத்தெட்டு வயது. அந்த மருந்து சிறுநீரகத்தை வதைக்கும். சனிக்கிழமையிலிருந்து வாந்தி, தண்ணீர்கூடத் தங்கவில்லையாம். காலையில் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வரவில்லை. ஆனால் திரையில் பச்சை — மூன்று வாரத்துக்கு முந்தைய பச்சை. மருந்தாளர் பச்சையைப் பார்த்தார், மருந்து கலந்தார். நர்ஸ் பச்சையைப் பார்த்தார், ஏற்றினார். கால் பங்கு இறங்கிய பிறகு பரிசோதனைக் கூடத்திலிருந்து போன். உடனே நிறுத்திவிட்டார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார்.

அவர் மனைவி நடைபாதையில், அவருடைய செருப்பை ஒரு பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மூன்று தடவை அந்த வழியாகப் போனேன். மூன்று தடவையும் தலையைக் குனிந்துகொண்டு.

எனக்குத் தெரியும். பதினேழு நாளா எனக்குத் தெரியும். பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா.

ஏப்ரல் 8

சிறுநீர் இறங்குகிறதாம். டயாலிசிஸ் வேண்டியிருக்காது என்கிறார்கள். இன்னும் நிச்சயமில்லை.

ஏப்ரல் 9, புதன்

விசாரணை. யாரும் கேட்பதற்கு முன்னாலேயே எழுந்து நின்றாள். "தப்பு என்னோடது. தேதிய நான் யோசிக்கவே இல்ல." வார்டில் ஓடுவதற்கு முன்னால் வேறு யாராவது சோதித்தார்களா என்று தலைமை மருத்துவர் கேட்டார். அக்காவிடம் காட்டினேன், ஆனால் அவர் மேல் தப்பில்லை, நான் சரியாகக் காட்டியிருக்க மாட்டேன் என்றாள்.

நான் மேஜையின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாளையிலிருந்து அவள் விலகி இருக்க வேண்டும், திரை முழுக்க என் பொறுப்பு. எதற்காக இத்தனை நாள் வெந்தேனோ அது கைக்கு வந்துவிட்டது.

ஏப்ரல் 10, வியாழன்

தேதியைச் சேர்த்துவிட்டேன். பழைய முடிவாக இருந்தால் இனிமேல் கட்டம் சாம்பல் நிறமாகிவிடும், புது முடிவு வந்தால்தான் பச்சை. நாற்பது நிமிட வேலை. நாற்பதே நிமிடம்.

வீட்டுக்கு வந்ததும் இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ.

"அந்த ஆள் செத்திருந்தா? அப்பவும் டைரிலதான் எழுதியிருப்பியா?"

ஏப்ரல் 11, வெள்ளி

சொல்லிவிட்டேன். அவளையும் கூப்பிடச் சொல்லி, அவள் முன்னாலேயே தலைமை மருத்துவரிடம் சொன்னேன். என்றைக்குப் பார்த்தேன், அவள் என்ன கேட்டாள், நான் என்ன சொன்னேன், ஏன் சொன்னேன் — ஏன் என்பதையும். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவள் அழுவாள், கத்துவாள் என்று நினைத்தேன்.

"நான் கேட்டேனே" என்றாள். அவ்வளவுதான். எழுந்து போய்விட்டாள்.

ஏப்ரல் 16, புதன்

தபால்காரரை வார்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். சிறுநீரகம் தேறி வருகிறது, சிகிச்சைதான் ஒன்றரை வாரம் தள்ளிப்போகும். நடந்ததை அவர்களிடம் சொல்ல தலைமை மருத்துவர் போனபோது நானும் போனேன். என் பங்கை நானே சொன்னேன். தொண்டைப் புண்ணால் அவருக்குப் பேச்சு வராது. என்னையே பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மனைவிதான் கேட்டார்.

"எங்ககிட்ட சொன்னதுல உங்க மனசு லேசாயிடுச்சா?"

இல்லை என்றேன்.

"ஆக வேண்டாம்" என்றார்.

மே 20, செவ்வாய்

என்னை ஆவணப் பிரிவுக்கு மாற்றி இது ஐந்தாவது வாரம். பழைய நோயாளிக் கோப்புகளை ஒவ்வொன்றாகப் புதுத் திரையில் ஏற்றுவது என் வேலை. அவளை ஜன்னல் அறைக்குத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள். அவள் திரையை இன்னும் இரண்டு மருத்துவமனைகள் கேட்டிருக்கின்றனவாம். கேள்விப்பட்டதும் எரிந்தது. இன்னும் எரிகிறது. பொய் எழுதி என்ன ஆகப்போகிறது.

பதினோரு மணிக்கு ஒரு கோப்பை ஏற்றினேன். இல்லாத ஒரு அறுவை சிகிச்சை அதில் வந்து ஒட்டிக்கொண்டது. தோண்டிப் பார்த்தால், இரண்டு பெண்கள், ஒரே பெயர், ஒரே பிறந்த தேதி. இரண்டு பேரையும் ஒரே ஆள் என்று திரை ஒரே வரியில் சேர்த்துவிடுகிறது. இதுவும் அவள் செய்ததுதான்.

போனை எடுத்தேன். அன்றைக்குப் பிறகு அவளோடு பேசியதே இல்லை. நான்தான் பேசுகிறேன் என்றதும் வைத்துவிடுவாளோ என்று நினைத்தேன்.

"உங்க திரையில ஒரு தப்பு இருக்கு" என்றேன்.

நாற்காலி நகரும் சத்தம்.

"இருங்க, எழுதிக்கிறேன். சொல்லுங்க."

இரண்டு கோப்பு எண்களையும் நிதானமாக, ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னேன். அவள் திரும்பப் படித்துக் காட்டினாள். சரியாக இருந்தது.