செம்புக் கொப்பரையில் நின்ற நீலம்

ரைன் கரை,
9 ஜனவரி 1887

என் ஆல்வீனுக்கு,

கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய பிஸ்கட் டப்பா வந்தது. நான் ருசி பார்ப்பதற்குள் சோதனைக்கூடத்து ஆட்கள் பங்கு போட்டுவிட்டார்கள். காலி டப்பாவைத் திருப்பி அனுப்புகிறேன், உள்ளே ஒரு பொட்டலம் இருக்கிறது. அதைப் பிரிக்கும்போது நல்ல உடுப்பு எதையும் போட்டுக்கொள்ளாதே.

ஆமாம், நான் தேடிய நீலச் சாயம் கிடைத்துவிட்டது! பருத்தி நூலை வெந்நீரில் போட்டு பொட்டலத்தில் உள்ள தூளை ஒரு சிட்டிகை தூவினால் போதும். படிகாரம் வேண்டாம், முன்வேலை வேண்டாம், நூல் தானாகவே நீலத்தைக் குடித்துக்கொள்கிறது. நீலம் எடுக்க அவுரிச் செடியைத் தேடி இனி யாரும் கப்பல் ஏற வேண்டாம் என்று நினைத்துக்கொண்டு, கண்ணாடிக் குவளையும் கையுமாக நடைவழியில் ஓடினேன். எங்கேயோ தீப்பிடித்துவிட்டது என்று பக்கத்து மேசைக்காரன் மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான்.

ஒரே ஒரு சங்கடம். சோப்புத் தண்ணீரில் போட்டால் சாயம் மொத்தமும் இறங்கிவிடுகிறது. சாயப்பட்டறை மேஸ்திரி யூப் நூலைப் பிழிந்து பார்த்துவிட்டு, "டாக்டர், நீலம் அருமையாத்தான் இருக்கு. சட்டை போடுறவன் அதைத் துவைக்காம இருக்கணும், அவ்ளோதான்" என்றான். பட்டறையே சிரித்தது.

ஈஸ்டருக்குள் துவைத்தாலும் நிற்கிற சாயம் ஒன்றைக் காட்டினால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போ என்பது என் ஒப்பந்தம். வேலை நிரந்தரமாகாமல் உன் அப்பா உன்னை எனக்குக் கட்டிக்கொடுக்கப் போவதில்லை. அதே ஒப்பந்தத்தில், இங்கே நடப்பதை மனைவியிடம்கூடச் சொல்லக் கூடாது என்றும் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். நீ இன்னும் என் மனைவி ஆகவில்லையே, அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். சாயத்தை எதிலிருந்து எப்படிச் செய்தேன் என்பதைப் பின்பக்கத்தில் வரைந்திருக்கிறேன். படித்துவிட்டு உனக்கு ஏதாவது தோன்றினால் சொல்.

உன்
லோதார்


சூரிச்,
26 ஜனவரி 1887

அன்புள்ள லோதார்,

கடிதம் முழுக்க நூலும் சோப்பும்தான். நான் எப்படி இருக்கிறேன் என்று ஒரு வரியாவது கேட்டாயா? நன்றாக இருக்கிறேன். நான் குடியிருக்கும் வீட்டுக்கார அம்மையார் மட்டும் என்னோடு பேசுவதில்லை. காரணம் நீதான்.

உன் பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டு வகுப்புக்குப் போயிருந்தேன். சலவைக்கு நீலம் வாங்கி வைத்திருக்கிறேன் என்று நினைத்து, அம்மையார் அதில் கொஞ்சம் எடுத்து, ஜன்னல் திரைகள் வேகிற கொப்பரையில் கொட்டிவிட்டார். நான் திரும்பி வந்தபோது வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். "ஏம்மா, இதென்ன சலவை நீலமா, சாபமா? மூணு தடவை சோப்புப் போட்டுக் கசக்கிட்டேன், அசைய மாட்டேங்குதே" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. "அசையவே இல்லையா?" என்று கேட்டு அவரைக் கட்டிக்கொண்டேன்.

யோசித்துப் பார், லோதார். நீ கண்ணாடிக் குவளையில் செய்கிறாய். நாம் எல்லோரும் அப்படித்தான் படித்தோம், கண்ணாடியைத் தவிர எதையும் நம்புவதில்லை. அம்மையாருடையது செம்புக் கொப்பரை, அதுவும் கொஞ்ச நாளாகத் துலக்காமல் களிம்பு ஏறியது. நீ வரைந்த படத்தைப் பார்த்தேன். செம்பு வந்து உட்கார அதில் இடம் இருக்கிறது. சாயமும் செம்பும் பிடித்துக்கொண்டால் தண்ணீருக்கு அங்கே வேலை இல்லை. மீதித் தூளில் நூலுக்குச் சாயம் ஏற்றி, அதன் பிறகு செம்பு உப்பான மயில்துத்தம் கரைத்த வெந்நீரில் முக்கினேன். நூல் கொஞ்சம் கறுத்தது, பிறகு ஆழமான நீலமாக நின்றது. சோப்புப் போட்டுக் கொதிக்க வைத்தேன். தண்ணீர் தெளிவாகவே இருந்தது. சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

உடனே செய்து பார். திரைகளுக்கு நீதான் பொறுப்பு.

உன்
ஆல்வீன்


ரைன் கரை,
6 பிப்ரவரி 1887

என் தங்கமே,

நின்றுவிட்டது! யூப் தன் மேலங்கியையே கழற்றிக் கொடுத்தான். சாயம் ஏற்றி, மயில்துத்தத்தில் முக்கி, பட்டறைப் பெண்கள் சாம்பல் காரம் போட்டு அடித்துத் துவைத்தார்கள். யூப் அதை உதறிப் போட்டுக்கொண்டு முற்றத்தைச் சுற்றி வந்தான், மாப்பிள்ளை ஊர்வலம் தோற்றது. பட்டறையே கைதட்டியது.

டைரக்டர் கெஸ்ஸனிக் கீழே இறங்கி வந்தார். அவர் சாதாரணமாக இறங்குகிற ஆள் இல்லை. ஒரு நூல் சிட்டத்தைத் தன் கையாலேயே தெற்கு ஜன்னலில் கட்டி, பாதியைக் கறுப்புக் காகிதத்தால் மூடினார். வெயில் பட்ட பாதியும் படாத பாதியும் ஒரே நிறமாக இருந்தால்தான் பெர்லினுக்குக் காப்புரிமை மனு போகும். இங்கே அதுதான் வழக்கம். குளிர்கால வெயில் அல்லவா, மார்ச் கடைசி ஆகிவிடும். ஆனால் வேலை நிரந்தரம் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். மே மாதம் கல்யாணம், உன் அப்பாவுக்கு இன்றே எழுதுகிறேன்.

"இந்த யோசனை எப்படித் தோணிச்சு?" என்று டைரக்டர் கேட்டார். உன் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. பொட்டலம் அனுப்பியது தெரிந்தால் என் கதை முடிந்துவிடுமே, அதனால் "தோணிச்சு" என்று மட்டும் சொன்னேன். பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதுவரை நீ யாரிடமும் வாயைத் திறக்காதே.

உன்
லோதார்


சூரிச்,
7 பிப்ரவரி 1887

அன்புள்ள லோதார்,

உன் பதிலுக்குக் காத்திருக்க என்னால் முடியவில்லை. நேற்று முன்தினம் வேதியியல் சங்கக் கூட்டத்தில் பேசினேன்! சங்கத்தில் ஒரு பெண் எழுந்து பேசுவது இதுதான் முதல் தடவை. ஆரம்பத்தில் பின்வரிசையில் யாரோ இருமி இருமிக் காட்டினார்கள். நான் அம்மையாரின் திரையையே கொண்டுபோய் விரித்தேன், மேசையிலேயே வைத்துத் துவைத்தும் காட்டினேன். முடித்ததும் எல்லோரும் பாராட்டாக விரல் முட்டியால் மேசையைத் தட்டினார்கள், மைக்கூடுகள் குதித்தன. பேராசிரியர் எழுந்து வந்து கை கொடுத்தார். சங்க இதழில் அச்சாகப் போகிறது.

தூள் தந்தவர் ஒரு நண்பர் என்று மட்டும் சொன்னேன். உன் பெயரை உன்னைக் கேட்டுக்கொண்டு போடலாம் என்று இருக்கிறேன். எனக்கு இரண்டு நாளாகச் சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

உன்
ஆல்வீன்


ரைன் கரை,
11 பிப்ரவரி 1887

ஆல்வீன்,

நம் கடிதங்கள் வழியில் ஒன்றை ஒன்று தாண்டிப் போய்விட்டன. அச்சில் வந்த எதற்கும் அதன் பிறகு காப்புரிமை கிடையாது, உனக்கும் தெரியும். ஜன்னலை நம்பி இங்கே மார்ச் வரை மனு போடப் போவதில்லை. சீக்கிரம் போடுங்கள் என்று நான் போய்ச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் அன்றே என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள்.

கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொள். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். நமக்காகத்தான் கேட்கிறேன், கல்யாணம் ஆகிவிட்டால் உன் பெயர் என்ன, என் பெயர் என்ன?

லோதார்


சூரிச்,
14 பிப்ரவரி 1887

லோதார்,

உன் கடைசி வரியைப் பல தடவை படித்தேன். ஒவ்வொரு தடவையும் கோபம் ஏறியதே தவிர இறங்கவில்லை. உன் பெயர் பிரிங்க்மன். என் பெயர் ஷ்டூடர். இந்தப் பெயரை வகுப்பில் கூப்பிட வைப்பதற்கே நான் பட்ட பாடு உனக்குத் தெரியும், பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தவன் நீ.

அதற்காக உன் பிழைப்பைக் கெடுக்கவும் எனக்கு மனம் வரவில்லை. அச்சகத்தில் விசாரித்தேன், அடுத்த திங்கட்கிழமை அச்சேறுகிறது. என் பெயரை மட்டும் போட்டால் சூரிச்சில் யாரோ தற்செயலாகக் கண்டுபிடித்ததாக நினைப்பார்கள், உன் வேலை தப்பிக்கும். அப்படிச் செய்துகொள்கிறேன், உன்மேல் பழி வராது. ஆனால் "தோணிச்சு" என்று அவரிடம் சொன்னாயே, அதோடு என்னால் குடும்பம் நடத்த முடியாது. ஒவ்வொரு நாளும் சாப்பாட்டு மேசையில் அது நமக்கு நடுவே உட்கார்ந்திருக்கும். மே மாதத்தை மறந்துவிடு. அப்பாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

நீ செய்த நீலம் அழகானது. அதை மறுக்க மாட்டேன்.

ஆல்வீன் ஷ்டூடர்


ரைன் கரை,
16 பிப்ரவரி 1887

என் ஆல்வீனுக்கு,

கடிதம் கிடைத்ததும் நேரே மாடிக்குப் போனேன். டைரக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பொட்டலம், கொப்பரை, திரை, உன் பேச்சு, திங்கட்கிழமை அச்சு, ஒன்று விடாமல்.

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து கேட்டார். "அப்போ ஜன்னல்ல தொங்குறது நம்மது இல்லியா?"

"நீலம் நம்மது. அதை நிக்க வெச்சது மிஸ் ஷ்டூடர். அவங்க சம்மதம் இல்லாம நீங்க மனு போட்டா, அவங்க பக்கம் நின்னு நானே சாட்சி சொல்லுவேன்."

என் ஒப்பந்தத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். பிறகு, "ஒப்பந்தத்தை மீறினவரை வெச்சுக்க முடியாது, பிரிங்க்மன். போறதுக்கு முன்னாடி அந்தம்மா விலாசத்தை எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்றார். உனக்கு அவரிடமிருந்து கடிதம் வரும். திங்கட்கிழமைக்குள் மனு போடச் சம்மதம் கேட்பார். கொடுப்பதும் மறுப்பதும் உன் இஷ்டம், நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

ஒப்பந்தப்படி மூன்று வருஷம் எந்தச் சாய ஆலைக்குள்ளும் நான் காலெடுத்து வைக்கக் கூடாது. வேலை போயிற்று. இருந்தும் படியிறங்கும்போது, குவளையோடு ஓடிய அன்றைக்கு இருந்ததைவிட மனசு துள்ளியது, நம்புவாயா? வெள்ளிக்கிழமை வண்டியில் வருகிறேன். வேலையில்லாத ஆளாகத்தான் உன் அப்பா முன்னால் வந்து நிற்பேன். நீயும் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அடுத்த வண்டியில் திரும்பிவிடுகிறேன்.

அதற்கு முன் அச்சகத்துக்கு இதை மட்டும் சொல்லிவிடு. இரண்டு பெயரும் வரட்டும். முதலில் ஆல்வீன் ஷ்டூடர், அதற்குப் பிறகு லோதார் பிரிங்க்மன்.