அண்ணன் தோளைப் பார்த்து வனைந்த குடம்

சின்னமனூர்,
12 ஆகஸ்ட் 2024

பூமாரிக்கு, அண்ணன் தங்கபாண்டி எழுதுறது.

போன்ல பேசினா வாயில என்ன வருமோ தெரியல. அதான் லெட்டர். இங்கன நானும் உன் மதினி ஜோதிலட்சுமியும் இருக்கோம். நல்லா இருக்கோம்னு எழுத வரல.

பேப்பர்ல வந்த படத்தை வாழை மண்டியில அத்தனை பேரும் பாத்தாக. நீ செஞ்ச பீங்கான் குடம். கழுத்துக்குக் கீழ ஒரு பக்கமாப் பொடச்சு நிக்கிற கட்டி. அடியில, 'சின்னமனூரில் வாழைத்தார் சுமக்கும் என் அண்ணன் தங்கபாண்டியின் தோள்'.

பத்து வருசமாத் துண்டைப் போட்டு மறைச்ச கட்டி அது. மண்டிக்காரர் கூப்பிட்டு, "துண்டை எடுப்பா"ன்னாரு. எடுத்தேன். "நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னையில்ல கேப்பாக. இனி லோடு ஏத்த வேணாம், இலைக்கட்டு அடுக்கு"ன்னுட்டாரு. இலைக்கட்டு அடுக்குறது பூராம் கெழவங்க. எனக்கு நாப்பத்தஞ்சு வயசு.

போன வருசம் வீரபாண்டித் திருவிழாவுக்கு வந்தியே, மத்தியானம் நான் துண்டு நழுவித் தூங்கையில எடுத்த போட்டோதான? குடத்துக்கு 'அமைதி'ன்னு பேராம். ஏத்தா, மல்லாக்கப் படுத்தா வலி உயிர் போகுதுன்னுதான் நான் குப்புறக் கெடந்தேன்.

தங்கபாண்டி

புதுச்சேரி,
19 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் திட்டியதில் எதையும் மறுக்கவில்லை. ஆனால் கேலிக்குச் செய்தேன் என்று மட்டும் நினைக்காதீர்கள். உள்ளே கையை விட்டு, மண் கிழியாமல், கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளித்தான் அந்தப் புடைப்பைக் கொண்டுவந்தேன். முதலில் செய்த இரண்டும் சூளையிலேயே வெடித்தன. கண்காட்சியில் முழங்கால், இடுப்பு, முதுகு என்று பதினோரு பேரைப் பார்த்துச் செய்த பதினோரு குடங்கள் வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் உங்கள் குடத்தின் முன்னால்தான் அதிக நேரம் நிற்கிறார்கள்.

எனக்கும் கோபம் இருக்கிறது அண்ணே. பத்து வருடம் ஒரு டாக்டரிடம் காட்டாமல் இருக்க என்ன வீம்பு? மதினியையாவது தொட விட்டீர்களா? மண்டிக்காரரிடம் நானே பேசுகிறேன்.

ஒன்றை மறைக்க முடியாது. மற்ற பத்துப் பேரிடமும் கேட்டுவிட்டுத்தான் செய்தேன். உங்களிடம் கேட்கவில்லை. கேட்டால் மாட்டேன் என்பீர்கள் என்று தெரியும்.

உங்கள் தங்கை,
பூமாரி

சின்னமனூர்,
26 ஆகஸ்ட் 2024

பூமாரி,

மாட்டேம்பேன்னு தெரிஞ்சேதான் செஞ்சிருக்க. மத்த பத்துப் பேரும் மனுசங்க. கூடப் பொறந்தவனைக் கேக்க வேண்டியதில்ல, அப்படித்தான?

வீம்பாம். கட்டியைக் காட்டினா அறுக்கணும்பாக. அறுத்தா சுமக்காதம்பாக. நான் தார் தூக்கி லாரியில ஏத்துறதை ஒருநாள் வந்து பாத்திருக்கியா? ரெண்டு ஆள் தூக்குறதை ஒத்தையில தூக்குவேன். அந்தத் தோள்ல உனக்குக் கட்டி மட்டுந்தான் தெரிஞ்சிருக்கு.

மண்டிக்காரருக்கு நீ போன் போட்டேன்னா அன்னையோட நமக்குள்ள பேச்சு இல்ல. அந்தக் குடத்தை ஒடச்சிரு.

தங்கபாண்டி

புதுச்சேரி,
9 செப்டம்பர் 2024

அண்ணே,

குடத்தைக் கண்காட்சியிலிருந்து எடுத்துவிட்டேன். பாதியில் எடுத்ததால் இனி கூப்பிட மாட்டோம் என்று நடத்துகிறவர்கள் சொல்லிவிட்டார்கள். சொல்லட்டும். பேப்பரில் வந்ததை மட்டும் என்னால் திருப்பி வாங்க முடியவில்லை.

உடைக்கச் சுத்தியலை எடுத்தேன். கை வரவில்லை. வைக்கோல் சுற்றிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். நீங்களே உடையுங்கள்.

தப்பு என்னுடையது. 'ஆனால்' என்று சேர்க்க இப்போது என்னிடம் ஒன்றும் இல்லை.

பூமாரி

சின்னமனூர்,
29 செப்டம்பர் 2024

பூமாரிக்கு,

பார்சல் வந்துச்சு. ஒடைக்கத்தான் பிரிச்சேன். உன் மதினி பிடுங்கிக்கிட்டா. மடியில வச்சு, அந்தப் பொடைப்பைத் தடவித் தடவிப் பாத்தா. "இம்புட்டுப் பெருசா?"ன்னா. பெறகு எந்திரிச்சு வந்தா. நான் துண்டை இழுக்க இழுக்க, விடாம என் தோள்ல கையை வச்சா. கல்யாணமாகிப் பதினெட்டு வருசத்துல, கட்டி வந்த பெறகு அன்னைக்குத்தான் அவ கை அங்க பட்டுச்சு. நான் அழல. அவதான் அழுதா.

மறுநாளே தேனி பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிட்டா. கொழுப்புக் கட்டியாம், பயப்பட வேணாம்னாக. அடுத்த வாரம் வியாழக்கிழமை அறுக்குறாக. அதுக்கப்பறம் சுமக்கலாமான்னு கேட்டேன். டாக்டரம்மா நிமிராம எழுதிக்கிட்டே இருந்தாக.

குடத்துல அவ பருப்புக் கொட்டி வச்சிருக்கா. பாக்கப் பாக்க எனக்கு எரியுது. உன் மேல கோவம் போகல. எப்பப் போகும்னும் தெரியல.

வியாழக்கிழமை வராதன்னு எழுதத்தான் உக்காந்தேன். உன் மதினி பக்கத்துலயே நிக்கிறா.

வர்றதா இருந்தா, போட்டோ எடுக்குறதை எல்லாம் வீட்டுல வச்சிட்டு, வெறுங்கையோட வா.

அண்ணன்,
தங்கபாண்டி