சாய்ந்த டைனோசர்களுக்கு ஒரு கிளினிக்

மிஸ்ஸி, இன்று காலை கொழும்பிலிருந்து புதுப் பெட்டி வந்தது. கத்தியால் கீறித் திறந்தவுடன் அந்த மணம் கடை முழுக்க எழுந்தது. புது றப்பர், சாயம், எங்கோ அடியில் கொஞ்சம் மண்ணெண்ணெய். முன்பென்றால் பெட்டி வந்தவுடன் சாமானை எண்ணுவேன். இப்போது மூக்கைத்தான் முதலில் விடுகிறேன். மேலே கிடந்த பச்சை டைனோசரை எடுத்து, அதன் வயிற்றை மூக்கோடு ஒட்டி நன்றாக மணந்து பார்த்தேன். பென்சில் வாங்க வந்து நின்ற ஒரு மனுசி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பார்க்கட்டும். உங்களை முதன்முதலில் நான் பார்த்த பார்வையும் அதுதான்.

அன்றைக்கு நீங்கள் கையில் குடையோடு கடைக்குள் வந்து, கண்ணாடி அலுமாரியில் நின்ற இரண்டுகால் டைனோசர்கள் எல்லாவற்றையும் இறக்கச் சொன்னீர்கள். ஒரே அச்சில் வார்த்த சாமான். ஒன்றுக்கும் மற்றதற்கும் என்ன வித்தியாசம் பார்க்கப் போகிறீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் இறக்கி வைத்தேன். நீங்கள் அவற்றை மேசைக் கண்ணாடியில் வரிசையாக நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றீர்கள். விலை கேட்கவில்லை. ஒன்றையும் தொடவில்லை. நடைபாதையில் சாக்கு விரித்துச் சீப்பும் ஊசியும் விற்றுக் கடை பிடித்தவள் நான். வாங்க வந்த முகத்தையும் வெயிலுக்கு ஒதுங்க வந்த முகத்தையும் தூரத்திலேயே பிரித்துவிடுவேன். உங்கள் முகம் இரண்டிலும் சேரவில்லை.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்?" என்று கேட்டேன்.

"பஸ்ஸைப் பாக்கிறன்," என்றீர்கள்.

காரைநகர் பஸ் எங்கள் முடக்கால் திரும்பும்போது கடைக் கண்ணாடி எல்லாம் கிடுகிடுவென்று ஆடும். அன்றும் ஆடியது. வரிசையில் பாதி குப்புற விழுந்தது. சில பின்னுக்குச் சாய்ந்து வாலில் குந்தின. அசையாமல் நின்றவற்றுள் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினீர்கள்.

"இவர் நிக்கிறார். இவரைத் தாரும்."

பேரனுக்கா என்று கேட்டேன். பொதி சுற்றும்போது எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான்.

"எனக்கு. ஏன், கிழவியளுக்கு விக்க மாட்டீரோ?"

நீங்கள் யார் என்று தெரிய வந்த விதம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஒரு தகப்பன் என் கடையில் பச்சை நிற நெடுங்கழுத்து டைனோசர் ஒன்றை விலை பேசி முடித்தார். பொதி சுற்றும் நேரத்தில் கைபேசியைத் தட்டிப் பார்த்தவர், "மிஸ்ஸி இதை வேண்டாம் எண்டிட்டா" என்று வைத்துவிட்டுப் போனார். எந்த மிஸ்ஸி என்று நானும் தேடிப் பார்த்தேன். பார்த்தால், பஸ்ஸுக்குக் காத்து நின்ற அதே மனுசி. தெல்லிப்பழையில் இருக்கிற ஓய்வுபெற்ற தாதி, ஆஸ்பத்திரிப் பழக்கத்தில் ஊருக்கே மிஸ்ஸி. டைனோசர் பொம்மைகளைச் சேர்த்து, ஒவ்வொன்றையும் சோதித்து, கைபேசியில் படம் பிடித்து ஊருக்கெல்லாம் காட்டுகிறவர். அந்தப் படத்தில் நீங்கள் குசினி மேசையில் இருந்தபடி, பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து, ஊசி போட முதல் துடைப்பதுபோல அந்த நெடுங்கழுத்தனின் முதுகைத் துடைத்தீர்கள். பஞ்சு பச்சையானது. அதை அப்படியே தூக்கிக் காட்டினீர்கள்.

"பிள்ளையள் வாயிலை வைக்கிற சாமான். ஒண்டும் செய்யேலாது."

உங்கள் தீர்ப்புகள் மூன்றும் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தவை. நல்ல பொம்மை என்றால், "வீட்டை கூட்டிக்கொண்டு போகலாம்." சின்னப் பிழை என்றால், "கிளினிக்குக்கு வரவேணும்." கூடாது என்றால், "ஒண்டும் செய்யேலாது." மூன்றாவது தீர்ப்பு வந்த சாமானை அதற்குப் பிறகு நான் யாருக்கு விற்பது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சண்டை பிடிப்பதற்கென்றே தெல்லிப்பழைக்கு பஸ் ஏறினேன். படலையில் நின்று, நான்தான் கடைக்காரி என்றேன். "சண்டைக்கு வந்தனீரோ, முதலாளி? முதல் தேத்தண்ணியைக் குடியும்" என்று உள்ளே கூட்டிப் போனீர்கள். அன்றைக்குத்தான் அந்த அறையைக் கண்டேன். சுவர் முழுக்கப் பலகை அடித்து, பலகை முழுக்க டைனோசர்கள். வெளிநாட்டு மருமக்கள் என்ன அனுப்பட்டும் என்று கேட்டால், சொக்கிலேற் கரைந்துபோகும், டைனோசர் அனுப்பு என்பீர்களாம். கனடாவிலிருந்து கலியாணத்துக்கு வந்த ஒரு பெறாமகள், சூட்கேசில் சேலைகளுக்கு நடுவே ஒரு முக்கொம்பனைச் சுற்றிக்கொண்டு வந்து, விமான நிலையத்தில் அதற்கு விளக்கம் சொல்லிக் களைத்த கதையை அன்று நீங்கள் சொல்லச் சொல்ல எனக்குத் தேத்தண்ணி புரைக்கேறியது. டைனோசர்களின் பெரிய இங்கிலிஷ் பெயர்களெல்லாம் அடியில் ஒட்டியிருந்தன. உங்கள் வாயில் அவை முக்கொம்பன், நெடுங்கழுத்தன், சின்னக்கையன்தான்.

இத்தனை வயதில் ஏன் இந்த விளையாட்டு என்று நேராகவே கேட்டேன். நீங்கள் ஒரு சின்னக்கையனின் முதுகுத் தூசியை ஊதிவிட்டுச் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை.

"எத்தினை உயிருக்குப் பக்கத்திலை முழிச்சிருந்தாச்சு. இதுகள் முந்தியே செத்திட்டுது, முதலாளி. எனக்கு ஒரு பொறுப்பும் இல்லை. சும்மா வடிவு பாத்துக்கொண்டிருக்கலாம்."

சண்டையை மறந்து, ஒரு கட்டு முருங்கைக்காயோடு திரும்பி வந்தேன். அந்த நெடுங்கழுத்தனை மொத்த வியாபாரிக்கே திருப்பி அனுப்பினேன். அதற்குப் பிறகு புதுச் சாமான் எது வந்தாலும் ஒன்று உங்களுக்கு வரும். தீர்ப்புக் கேட்டுத்தான் மிச்சப் பெட்டிகளுக்கு ஓடர் சொல்லுவேன். அன்பினால் மட்டுமில்லை. "மிஸ்ஸி சரியெண்டவ" என்று ஒருதரம் சொன்னால் வாங்க வந்த ஆள் விலையை அவ்வளவாக இழுக்கமாட்டார். வியாபாரிக்கு அதைவிட என்ன வேணும்?

உங்களோடு எனக்கு ஒரே ஒரு கரைச்சல்தான் இருந்தது. நீங்கள் மூக்கோடு ஒட்டி மணந்து பார்ப்பதும் ஸ்பிரிட்டால் துடைப்பதும் அன்றைக்கே முடியும். கடைசிச் சோதனை முடியாது. பொம்மையைக் கொண்டுபோய், தகரச் சீற்றுக் கூரைக்குக் கீழே, வெயில் கொளுத்துகிற உங்கள் யன்னல் தட்டில் நிறுத்திவிடுவீர்கள். கெதியாகச் சொல்லுங்கோ என்று நான் கெஞ்சினால், "வாங்கின அண்டைக்கு எல்லாரும் நேராத்தான் நிப்பினம். ஒரு கோடை நிக்கட்டும்" என்பீர்கள்.

அதன் அருமை எனக்கு ஒரு சித்திரையில் விளங்கியது. வருசப்பிறப்புக்குக் கடையைச் சோடிக்கிறேன் என்று சின்னக்கையன்கள் எல்லாரையும் மேற்குப் பார்த்த கண்ணாடிக்குள் நிறுத்தியிருந்தேன். நாலு நாள் வெயில் காய்ந்தது. கடைசியில் வரிசை முழுக்க ஒரே பக்கம் சாய்ந்து, கழுத்தை நீட்டி, பஸ் நிலையப் பக்கமாகப் பார்த்துக்கொண்டு நின்றது. நீங்கள் வாசலில் நின்று விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "காரைநகர் பஸ்ஸுக்கு நிக்கினமாக்கும்" என்றீர்கள். பிறகு சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினீர்கள். தேத்தண்ணிக் கடையிலிருந்து ஒரு சட்டி சுடுதண்ணி, ஒரு பேசினில் பச்சைத்தண்ணி. காலைச் சுடுதண்ணியில் பிடித்து, இளகியதும் நிமிர்த்தி, ஐஸ்குச்சியை அணை வைத்து, பன்டேஜ் துணியால் சுற்றிப் பச்சைத்தண்ணியில் இறக்கினீர்கள். சனம் கூடிவிட்டது. ஒரு தாய் மகனைத் தூக்கிக் காட்டினாள். நான் கட்டிய கட்டைப் பார்த்துவிட்டு, "இறுக்கிப்போட்டீர், ரத்தம் ஓடாது" என்று அவிழ்த்து மறுபடி கட்ட வைத்தீர்கள். அந்த றப்பர் மனுசனுக்கு ஏது மிஸ்ஸி ரத்தம்?

போன பங்குனியில் அந்தப் பெரிய சிவப்புச் சின்னக்கையன் வந்தான். மணம் நல்லது, சாயம் பஞ்சில் ஒட்டவில்லை, வாய்க்குள் பல் ஒவ்வொன்றும் தனித்தனி. கண்டவுடன் எனக்குப் பிடித்துவிட்டது. நல்லூர்த் திருவிழாக் கடைக்கென்று, வந்த பெட்டிகள் முழுவதையும் உங்களைக் கேளாமலே எடுத்துவிட்டேன். பிறகு ஒன்றைக் கொண்டு உங்களிடம் ஓடிவந்தேன். ஒரு சொல் சொல்லுங்கோ என்றேன். நீங்கள் அவனை யன்னலில் நிறுத்தி, அதையும் படம் பிடித்துப் போட்டீர்கள். முடிவை ஆடியில் சொல்லுறன் என்று அதில் எல்லாருக்கும் சொன்னீர்கள்.

வைகாசியில் ஒரு விடியல், தேத்தண்ணியை ஆற வைத்துவிட்டுக் கதிரையில் சாய்ந்தவர் அப்படியே போய்விட்டீர்கள். ஒருவருக்கும் கரைச்சல் கொடுக்காமல் போனீர்கள் என்று ஆஸ்பத்திரி ஆட்கள் பெருமையாகச் சொன்னார்கள்.

அந்தியேட்டிக் கிரியைக்கு உங்கள் வீட்டுக்கு வந்தபோது சிவப்பன் யன்னலில் நேராக நின்றான். தொடவேண்டாம் என்று உங்கள் தம்பியிடம் சொல்லிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு அவருக்குக் கிழமைக்கு ஒரு தொலைபேசி எடுப்பேன். சுகம் கேட்டு முடிந்ததும், "நிக்கிறாரோ?" என்பேன். "நிக்கிறார்" என்பார். சோளகக் காற்று வீசத் தொடங்கியும் நின்றான். ஆனி முடிகிற நேரம் உங்கள் தம்பி தானே எடுத்தார். "முதலாளி, கொஞ்சம் குனியிறார் போலை கிடக்கு."

போய்ப் பார்த்தேன். வலப்பக்கம் சாய்ந்து, கதவுக்குப் பின்னால் ஒட்டுக்கேட்பவன்போல நின்றான். என் கடை அறையில் அவனுடைய கூட்டாளிகள் கூரை முட்ட அடுக்கிக் கிடந்தார்கள். ஆடி பிறந்ததும் உங்கள் கடைசிப் படத்துக்குக் கீழே சனம் எழுதி எழுதிக் கேட்டது: ஆடி வந்துவிட்டது, மிஸ்ஸி இல்லை, முடிவை யார் சொல்வது? உங்கள் தம்பி என்னைச் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டு மெல்லக் கேட்டார்: "சுடுதண்ணி வைக்கட்டோ? நிமித்திப்போட்டுப் படம் எடுத்தால் ஒருதருக்கும் தெரியாது."

யோசித்தேன் மிஸ்ஸி. யோசிக்கவில்லை என்று உங்களிடம் சொல்லி என்ன பயன்? ஆனால் என்னிடம் பொம்மை வாங்கிய சனம், அது ஒரு கோடை நின்று பார்த்தது என்று நம்பித்தான் வாங்கியது. அந்தக் கோடையை ஒருதரம் ஏமாற்றினால், பிறகு என்னிடம் இருப்பது ஊரெல்லாம் கிடைக்கிற றப்பர்தான். சுடுதண்ணி வேண்டாம் என்றேன்.

உங்கள் குசினி மேசையில், உங்கள் கதிரையில் இருந்தேன். சீனிப் போத்தலில் கைபேசியைச் சாய்த்துவிட்டு உங்கள் தம்பி தலையாட்டினார். சிவப்பனைத் தூக்கிப் பக்கவாட்டில் காட்டினேன்.

"மிஸ்ஸி ஆடியிலை சொல்லுறன் எண்டவ. ஆடி வந்திட்டுது. இவர் சாஞ்சிட்டார். நான்தான் இவரை விக்கிற ஆள், நானே சொல்லுறன். கிளினிக்குக்கு வரவேணும். கிளினிக் என்ரை திருவிழாக் கடையிலை. சுடுதண்ணியும் கட்டும் சும்மா, காசில்லை."

அந்தக் கடைசி வரி நான் யோசித்து வைத்ததில்லை. வாயில் தானாக வந்தது. வந்த பிறகு, நல்ல யோசனைதான் என்று எனக்கே பட்டது.

திருவிழாவில் என் கடைக்கு முன்னால் நின்ற கூட்டத்தை நீங்கள் காணவேண்டும். அடுப்பில் சட்டி, பக்கத்தில் பேசின், என் தோளில் துவாய். வாங்கியவர்கள் வந்தார்கள், முந்திய வருசங்களில் வேறு கடைகளில் வாங்கி வீட்டில் வளைந்து கிடந்தவற்றைத் தூக்கிக்கொண்டும் வந்தார்கள். வால் முறுகிய முக்கொம்பன் ஒருவன் அரிசிப் பையில் வந்தான். ஒரு சின்னப் பெட்டை சிவப்பனைக் கையில் வாங்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அன்ரி, இது சாயேல்லை" என்று முறையிட்டாள். இப்போதைக்குச் சாயாது, நல்லதுதானே என்றேன். அவளுக்குச் சரிவரவில்லை.

"அப்ப எப்பிடிக் கட்டுப் போடுவியள்?"

நேராக நின்றவனுக்கே கட்டுப் போட்டுக் கொடுத்தேன். இறுக்காமல், ரத்தம் ஓடும்படி. தேர் வருவதற்கு முதலே சிவப்பன்கள் முடிந்துவிட்டார்கள்.

திருவிழா முடிந்தும் கிளினிக் முடியவில்லை. சனிக்கிழமை பின்னேரங்களில் இன்னும் வருகிறார்கள். என் மேசை லாச்சிக்குள் பன்டேஜும் பஞ்சும் ஸ்பிரிட் போத்தலும் கிடக்கின்றன. உங்கள் தம்பி அறையைக் குலைக்கவில்லை. மாதம் ஒருதரம் நான் போய்த் தூசி தட்டுகிறேன். எனக்கு ஒரு பொறுப்பும் இல்லை. சும்மா வடிவு பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வருகிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கொழும்புக்காரர் தொலைபேசி எடுத்தார். பச்சைச் சாமானில் எத்தனை பெட்டி போடுவது என்று கேட்டார். ஒன்றை யன்னலில் நிறுத்தப் போகிறேன், ஆடி வரட்டும் என்றேன். ஆடி வரைக்கும் காத்திருக்க உங்களுக்கென்ன விசரா அக்கா என்றார். ஓம் என்றேன்.

பச்சையன் இப்போது மேசைக் கண்ணாடியில் நிற்கிறான். முடக்கில் காரைநகர் பஸ் திரும்புகிற சத்தம் கேட்கிறது, மிஸ்ஸி. பேனையை வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு எழும்புகிறேன்.