ஏழு சென்டிமீட்டர் கோடு

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது.

இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாரும் சௌக்கியம். நீ அங்கே முழங்கால் உட்பட முழுசாக நன்றாக இருக்க வேண்டும். முதலில் நம் வீட்டுப் பிள்ளைகளின் நல்ல சேதிகளைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வேறு கதையில் இறங்கிவிடுவேன். நடுவுள்ளவளின் பெண் நர்சிங் பரீட்சையில் வகுப்பிலேயே முதலாவதாக வந்துவிட்டாள், இனி என் ரத்த அழுத்தத்தை அவள்தான் பார்ப்பாளாம், உப்பைக் குறை பாட்டி என்று இப்போதே அதிகாரம் தொடங்கிவிட்டது. அவள் தம்பி, அந்த வாலு, நீச்சலில் இரண்டாவது, முதலாவது வந்த பையன் இவனைவிட ஒரு தலை உயரம், அதனால் நான் இதை முதலாவது என்றே எல்லாரிடமும் சொல்லி வருகிறேன். சின்னவளின் குட்டிக்கு எட்டு மாதம், பிடிமானம் இல்லாமல் உட்காருகிறது, இரண்டு பல் முளைத்து அதில் டாக்டர் விரலையே கடித்துவிட்டது, அதையும் சாதனையில்தான் சேர்த்திருக்கிறேன். உன் மகள் மேடையேறிப் பேசிப் பரிசு வாங்கினாள் என்று நீ சொன்னதைக் கீழ்வீட்டுத் தையல்காரர் மட்டும் மூன்று தடவை கேட்டிருக்கிறார், நாலாவது தடவை நான் ஆரம்பித்ததும் மிஷினை வேகமாக மிதித்தார்.

இனி உன் சின்னத் தங்கை விஷயம். போனில் சொன்னால் நீ சரிம்மா சரிம்மா என்று ஓடிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். போன மாதம் நீ அவளிடம் பஸ் டிப்போ பின்னால் கிடக்கும் அந்தக் குட்டிப் பள்ளியில் எத்தனை நாள் இருப்பாய், விட்டுவிட்டு இங்கே வா, பெரிய பள்ளியில் நான் சொல்லி வைக்கிறேன் என்றாய். மாப்பிள்ளையும் யோசிக்கலாம் என்றார், அவளும் அரை மனசாக இருந்தாள். நீ சொன்னதில் தப்பில்லை, ஒரே நிர்வாகத்தின் ஆறு பள்ளிகளில் அவளுடையதுதான் கடைக்குட்டி, மற்ற ஐந்திலும் இருப்பவர்கள் கேலியாகத் தம்பி பள்ளி என்றுதான் சொல்வார்கள், அங்கே கணக்குக்கு இவள் ஒருத்திதான், ஒரு சந்தேகம் என்றால் கேட்கக்கூட ஆளில்லை என்று முன்பெல்லாம் புலம்புவாள். ஆனால் இரண்டு வருஷமாக ஆறு பள்ளிக் கணக்கு டீச்சர்களும் மாதம் ஒரு சனிக்கிழமை ஏதாவது ஒரு பள்ளியில் கூடுகிறார்கள். எட்டாம் வகுப்புக்கு ஆறு பள்ளிக்கும் ஒரே கேள்வித்தாள், ஒருவர் தயாரிப்பார், இன்னொரு பள்ளிக்காரர் சரிபார்ப்பார், விடைத்தாள்களை எல்லாரும் ஒரே கூரையின் கீழ் மாற்றி மாற்றித் திருத்துவார்கள். இந்த முறை முதன்முதலாகக் கேள்வித்தாள் தயாரிக்கும் வேலை தம்பி பள்ளிக்கு வந்தது, அதாவது உன் தங்கைக்கு. மூன்று வாரம் சாப்பாட்டு மேசையில் எங்களுக்கு இடமில்லை. இதுல ஏதாவது தப்பு வந்துச்சுன்னா அண்ணன் சொன்ன மாதிரி கெளம்பிடுவேம்மா, அவங்க மூஞ்சியில எல்லாம் என்னால முழிக்க முடியாது என்று என்னிடம் சொன்னாள். சும்மா சொல்லவில்லை, உனக்கு அனுப்ப வேண்டிய விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து பைக்குள்ளேயே வைத்திருந்தாள்.

திருத்துகிற சனிக்கிழமை குட்டியைப் பார்த்துக்கொள்ள நானும் கூடப் போனேன். அவள் பள்ளி நூலகத்தில்தான் கூட்டம், மேசைகளை ஒட்டிப் போட்டு இருபது இருபத்திரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள், பள்ளிக்கு ஒரு நிறமாய் நூல் சுற்றிய கட்டுகள். நான் ஓரமாக நிற்கலாம் என்று போனால், டீச்சர்களை ஏற்றி வந்த ஒரு வேன் டிரைவர், நீங்க இதுல உக்காருங்கம்மா, முட்டிக்குக் கொஞ்சம் உயரமா இருக்கும் என்று கைவைத்த நாற்காலியைத் தூக்கி வருகிறார். இதுவரை நான் பார்த்தேயிராத ஒரு டீச்சர் குட்டியை வாங்கிக்கொண்டு, பல் வந்துடுச்சா, போன மாசம் காய்ச்சல்னு சொன்னாங்களே என்கிறார். எனக்கு மலைப்பாகிவிட்டது. உன் அப்பா முப்பது வருஷம் ஒரே ஆபீசில் இருந்தாரே, பக்கத்து மேசைக்காரருக்கு எத்தனை பிள்ளைகள் என்று அவருக்குத் தெரியாது. இங்கே என் முழங்கால் ஆறு பள்ளிக்கும் தெரிந்திருக்கிறது.

பதினொரு மணி இருக்கும். அங்கே ஒரு பெரியவர், சட்டைப்பையில் எப்போதும் ஓர் இரும்பு ஸ்கேல் வைத்திருப்பதால் ஸ்கேல் சார் என்று பெயர், ஆறு பள்ளிகளிலும் பெரிய பள்ளிக்காரர். அவர் பச்சை நூல் கட்டைத் திருத்திக்கொண்டிருந்தவர் பேனாவைப் பொத்தென்று போட்டார். பதினொண்ணாவது கேள்வி, முக்கோணத்தோட அடிப்பக்கத்த அளந்து எழுதணும், ஏழு சென்டிமீட்டர். இந்த ரூம்ல ஒருத்தன் பாக்கியில்லாம அஞ்சுன்னு எழுதியிருக்கான். கூண்டோட காப்பி. ரூம்ல நின்ன மகராசி யாரு, தூங்கிட்டீங்களா என்றார். மூலையிலிருந்து ஒரு சின்னப்பெண் எழுந்தாள், வேலைக்குச் சேர்ந்தே ஆறு மாதம்தானாம். இல்ல சார், என் கண்ணு முன்னாடிதான் ஸ்கேல் வச்சு அளந்தாங்க என்றாள். அளந்தா நாப்பது பேருக்குமா ரெண்டு சென்டிமீட்டர் குறையும், பசங்க வச்சிருந்தது என்ன ரப்பர் ஸ்கேலா என்றார் அவர். ரெண்டு பேர் சிரித்தார்கள். அந்தப் பெண் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் இருந்தாள்.

அப்போது உன் தங்கை எழுந்து போய் அந்தப் பெண்ணிடமிருந்து அவள் பள்ளியில் கொடுத்த கேள்வித்தாளை வாங்கினாள், சார் உங்க ஸ்கேலைக் குடுங்க என்று வாங்கி, கோட்டின் மேல் வைத்தாள். நான் கதவோரம் இருந்து அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஈயாடவில்லை. மறுபடி அளந்தாள். தன் கையிலிருந்த தாளையும் அளந்தாள். அதில் ஏழு, இதில் ஐந்து. நடந்தது இதுதான், இவள் கம்ப்யூட்டரில் அனுப்பிய தாளை மூன்று பள்ளிகளில் அப்படியே அச்சடித்திருக்கிறார்கள், மற்ற மூன்று பள்ளிகளில் காகிதம் மிச்சம் பிடிக்க இரண்டு பக்கத்தைச் சுருக்கி ஒரே பக்கத்தில் அடித்திருக்கிறார்கள். எழுத்தெல்லாம் படிக்கிற மாதிரிதான் இருந்தது, படம் மட்டும் சத்தமில்லாமல் இளைத்துவிட்டது. சரிபார்த்தவரும் இவள் கொடுத்தனுப்பிய தாளைத்தான் பார்த்தார். மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது, அந்தத் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்திருந்தால் பழி அந்தச் சின்னப்பெண்ணோடு போயிருக்கும். பெரியவனே, உன் தங்கை மடிக்கவில்லை. பசங்க காப்பி அடிக்கல சார், இவங்க தூங்கவும் இல்ல. என் கேள்விதான் தப்பு. சுருக்கி அடிச்சா என்ன ஆகும்னு நான் யோசிக்கல என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள், இரண்டு தாளையும் மேசை நடுவில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

ஸ்கேல் சார் தன் பையிலிருந்து தன் பள்ளித் தாளை எடுத்தார், ஸ்கேலைத் திரும்ப வாங்கி அளந்தார், அதிலும் ஐந்து. அப்புறம் என்ன சொன்னார் தெரியுமா, ரெண்டரை மணி நேரம் இந்தப் பேப்பரைக் கையில வச்சுக்கிட்டு நானும் ரூம்ல நடந்தேன், பையில ஸ்கேல் வேற, ஒரு தடவ வச்சுப் பாக்கணும்னு தோணலையே. பேரு மட்டும் ஸ்கேல் சார் என்றார். நேராக அந்தச் சின்னப்பெண்ணிடம் போய், நான் பேசினது தப்பும்மா என்றார். தலை நரைத்த மனிதர், இருபது பேர் முன்னால். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்தக் கேள்விக்கான மதிப்பெண்ணைச் சும்மா போட்டுவிடலாம் என்று ஒருவர் சொன்னார். உன் தங்கை ஒத்துக்கொள்ளவில்லை. அவங்க கையில குடுத்த கோட்ட அவங்க ஒழுங்கா அளந்திருக்காங்க, தப்பா அளந்தவனும் இருப்பான், ஒவ்வொருத்தன் முன்னாடி என்ன கோடு இருந்துச்சோ அத வச்சுத்தான் திருத்தணும் என்றாள். சுருக்கி அடித்த மூன்று பள்ளிகளின் முந்நூறு தாளையும் மறுபடி பிரிக்க வேண்டும், ஒவ்வொரு சிவப்பு அடித்தலையும் மாற்றி அதன் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு மணிக்கு வேன் கிளம்ப வேண்டியது. ஒருவராவது கடிகாரத்தைப் பார்க்க வேண்டுமே! டிரைவர்களே உள்ளே வந்து உட்கார்ந்து, பதினொன்றாவது கேள்வி இருக்கும் பக்கத்தை எடுத்து எடுத்து வைத்தார்கள். பாட்டிம்மா, நீங்களும் வாங்க, நம்பர் தெரியும்ல என்று என்னையும் உட்கார வைத்தார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எட்டாம் வகுப்புப் பரீட்சைத் தாளைப் பிரித்துக் கொடுத்தேன். நடுவில் குட்டி எட்டி ஒரு தாளின் ஓரத்தைக் கடித்துவிட்டது, எச்சில் பட்ட இடத்தைச் சுற்றி வட்டம் போட்டு, குழந்தை கடித்தது என்று எழுதி ஸ்கேல் சார் அதற்கும் ஒரு கையெழுத்துப் போட்டார்.

எல்லாம் முடிந்து அடுத்த பரீட்சைக்குக் கேள்வித்தாள் யார் என்று பேச்சு வந்தது. உன் தங்கை பையைக் கையில் எடுத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள், அந்தப் பைக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஸ்கேல் சார், தம்பி பள்ளிக்கே குடுங்க, வேற யார்கிட்டயாவது குடுத்தா புதுசா ஒரு தப்பக் கண்டுபிடிப்பாங்க, இந்தம்மா பழசத் திரும்பச் செய்ய மாட்டாங்க என்றார். எல்லாரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள், உன் தங்கை மட்டும் அழுதாள். இனிமேல் ஒவ்வொரு தாளின் அடியிலும் ஒரு கோடு இருக்குமாம், இந்தக் கோடு பத்து சென்டிமீட்டர், இல்லையென்றால் உடனே சொல்லவும் என்று எழுதி. அது அவள் யோசனை. வீட்டுக்கு வந்ததும் விண்ணப்பத்தைத் திருப்பிப் போட்டு அதன் பின்பக்கத்தில்தான் அந்தக் கோட்டை முதன்முதலாகப் போட்டுப் பார்த்தாள். அதனால் பெரியவனே, இனி அவளை அங்கே கூப்பிடாதே. நீ நல்லதுக்குத்தான் சொன்னாய், ஆனால் அவளுக்கு அங்கே ஆள் இருக்கிறார்கள். உனக்குத்தான் இல்லையோ என்று எனக்குக் கவலை. மதியம் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே தனியாகச் சாப்பிடுகிறேன் என்றாயே, நாளைக்குப் பக்கத்து மேசைக்காரரிடம் அவர் வீட்டில் யாருக்காவது முழங்கால் வலி உண்டா என்று கேட்டுப் பார். பேச்சுக்கு அது போதும்.

ஒன்று சொல்ல மறந்தேன். அந்த முக்கோணத்தில் கோணத்தையும் அளக்கச் சொல்லியிருந்தாள், அதில் மட்டும் ஆறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஒரே விடை. அதெப்படி என்று கேட்டேன். எவ்வளவு சுருக்கினாலும் கோடுதாம்மா குறையும், கோணம் மாறாது என்றாள். இந்த வயதில் இது எனக்குப் பெரிய அதிசயமாக இருக்கிறது, பாத்திரம் கழுவும்போதுகூட அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நீயும் மருமகளும் பேத்தியும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருங்கள், அம்மாவின் ஆசி எப்போதும் உண்டு. நேரத்துக்குச் சாப்பிடு. இந்தக் கடிதத்தின் அடியில் உன் தங்கையின் ஸ்கேலை வைத்து ஒரு கோடு போட்டிருக்கிறேன், பத்து சென்டிமீட்டர், அங்கே வந்து சேரும்போதும் பத்து இருக்கிறதா என்று அளந்து எழுது. உங்கள் மூன்று பேரின் புதுப் போட்டோ ஒன்றும் தபாலில் அனுப்பு. இங்கே சுவரில் இருப்பதில் பேத்திக்கு முன்பல்லே இல்லை, மூன்று வருஷமாயிற்று. போனில் அனுப்பினேனே என்று சொல்லாதே, அதில் நீங்கள் மூன்று பேரும் என் கட்டைவிரல் அளவுக்கு இருக்கிறீர்கள். காகிதத்தில், பெரிதாக, சுருக்காமல் அடித்து அனுப்பு. நீ இளைத்திருக்கிறாயா என்று நான் அளந்து பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா