தேக்காவில் ஒரு நாற்காலி

அண்ணா,

வாட்ஸ்ஆப்பில் எழுதினா நீல டிக் வந்துச்சா வந்துச்சான்னு பார்த்துக்கிட்டே இருப்பேன். அதனாலதான் கடிதம்.

பிள்ளைங்களுக்குப் புவியியல் சொல்லிக் கொடுக்கிறவ நான். சிங்கப்பூர்த் தீவோட நீளம் ஐம்பது கிலோமீட்டர், மக்கள்தொகை ஆறு மில்லியன்னு போர்டில் எழுதும்போதெல்லாம், நல்லவேளை, இந்த நெரிசலில் உங்க கண்ணில் பட மாட்டேன்னு நினைச்சுக்குவேன். நீங்க மேற்குக் கோடியில் சுவா சூ காங், நான் கிழக்குக் கோடியில் தெம்பனிஸ். அம்மா அடக்கத்துக்கு அப்புறம் மூணு வருஷம் இப்படியே ஓடிருச்சு. அன்னைக்கு நான் பேசினதை இங்கே எழுதக் கை வரல.

போன ஞாயிறு தேக்கா உணவங்காடியில் மீன் சூப்புக்கு அரை மணி நேரம் வரிசையில் நின்னேன். தட்டோட திரும்பினா உட்கார இடமே இல்ல. ஒரே ஒரு நாற்காலிதான் காலி. அதுக்கும் மேசையில் டிஷ்யூ பாக்கெட் வச்சு யாரோ இடம் பிடிச்சிருந்தாங்க. எதிர்ப்பக்கம் நீங்க.

என்னைப் பார்த்தீங்க. பாக்கெட்டை எடுத்தீங்க.

"உட்காரு, சூப் ஆறிடும் லா."

அவ்வளவுதான் பேசினீங்க. நான் அழுதப்போ அதே பாக்கெட்டைப் பிரிச்சு நீட்டினீங்க. காரம்னு சொன்னேன். மீன் சூப்பில் என்ன காரம்!

இடம் பிடிச்சவங்க வந்து சண்டை போடுவாங்களோன்னு பயந்துக்கிட்டேதான் சாப்பிட்டேன். கடைசி வரைக்கும் யாரும் வரல. வீட்டுக்கு ரயிலில் வரும்போதுதான் உறைச்சது: நான் வரிசையில் நின்ன நேரமெல்லாம் நீங்க என்னைப் பார்த்துக்கிட்டே இருந்திருக்கீங்க.

வர்ற ஞாயிறு சர்ச்சில் பூசை முடிஞ்சதும் நேரா அங்கேதான் வருவேன். மெதுவா வாங்க. இந்தத் தடவை டிஷ்யூ பாக்கெட் என்னோடது.

உங்க தங்கச்சி